பழைய கணினிக்கு மெமரி வாங்கப் போகிறவர்களுக்கு

கணினிப் பாகங்களில், இன்னொருவர் பல ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்துப் போட்டதைத் துணிந்து வாங்கலாம் என்று நான் சொல்வது ஒன்றைத்தான்: மெமரி. கணினி அந்தந்த நேரத்தில் செய்யும் வேலையை விரித்து வைத்துக்கொள்ளும் இடம் அது. கடைக்காரர்கள் ராம் என்பார்கள். பழைய ஹார்டு டிஸ்க் வேண்டாம். உள்ளே சுழலும் தட்டும் அதைப் படிக்கும் முனையும் எப்போது நிற்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஹார்டு டிஸ்குக்குப் பதிலாகப் போடும், சுழலும் பாகம் இல்லாத எஸ்.எஸ்.டி.யும் பழையது வேண்டாம், எழுத எழுத அதன் ஆயுள் குறைந்துகொண்டே வரும். பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பழையதாக வாங்கினால் அது போகும்போது மற்ற பாகங்களையும் சேர்த்துக் கொண்டு போய்விடலாம். மெமரியில் சுழல்வதும் இல்லை, தேய்வதும் இல்லை. பெயர் பெற்ற நிறுவனங்கள் பலவும் அதற்கு வாழ்நாள் உத்தரவாதம் கொடுக்கத் துணிவது அதனால்தான். நான் பார்த்தவரை, இதில் பணத்தை இழந்தவர்கள் கெட்டுப்போன மெமரியை வாங்கியவர்கள் அல்லர். தங்கள் மதர்போர்டோடு, அதாவது பாகங்களெல்லாம் பொருந்தும் பெரிய பலகையோடு, சேராத நல்ல மெமரியை வாங்கியவர்கள்.

வடசென்னையின் புதுவண்ணாரப்பேட்டையில் வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதிப் பிழைக்கிறேன். எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகள் சிலவற்றின் பில்களும், தண்டையார்பேட்டை இரும்புக் கடை ஒன்றின் வங்கிக் கணக்கும், இவற்றுக்கெல்லாம் சேர்த்து ஜி.எஸ்.டி.யும் என் மேசைக்குத்தான் வரும். மாதத்தில் 11ஆம் தேதி விற்பனை விவரம் ஏற்ற வேண்டும்; 20ஆம் தேதி வரிக்கணக்கு முடிக்க வேண்டும். அந்த நாள்களில் கணினி மக்கர் செய்தால் அபராதம் கட்டப்போவது என்னை நம்பிய கடைக்காரர். அதனால் இந்தப் பெட்டி ஒழுங்காக ஓடுவது எனக்கு அரிசி பருப்பு போன்ற விஷயம்.

பெட்டி 2014இல் அசெம்பிள் செய்தது. இன்டெலின் நான்காம் தலைமுறை ஐ3 புராசஸர், எச்81 வகை மதர்போர்டு, 4 ஜி.பி. மெமரி, சுழலும் ஹார்டு டிஸ்க். வாங்கிய காலத்தில் டாலி என்ற கணக்கு மென்பொருளுக்கும் எக்ஸெலுக்கும் அது தாராளம். இன்று பிரவுசரில் ஜி.எஸ்.டி. தளத்தையும் வங்கித் தளத்தையும் மின்னஞ்சலையும் ஒன்றாகத் திறந்தாலே 4 ஜி.பி.யில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடுகிறது. அதற்கு மேல் டாலி, பெரிய எக்ஸெல் கோப்பு என்று திறந்தால், ஹார்டு டிஸ்க் வேலை செய்வதைக் காட்டும், கேபினெட்டின் முன்பக்கத்துச் சிவப்பு விளக்கு சிமிட்டாமல் எரியத் தொடங்கும். சுட்டி நகரும், சொடுக்கினால் ஒன்றும் நடக்காது. எக்ஸெலில் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போக, எழுந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்.

பக்கத்தில் பழுது பார்ப்பவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "இதற்கு மேல் செலவு செய்யாதீர்கள் அக்கா, சிஸ்டத்தையே மாற்றிவிடுங்கள்" என்றார். அவர் சொன்ன தொகை முப்பதாயிரத்துக்கு மேல். கல்லூரியில் பி.காம். படிக்கும் மகளுக்குக் கட்டணம் கட்டும் பருவம் அது. முப்பதாயிரம் என்பது பேச்சுக்கே இடமில்லாத தொகை. பெட்டிக்கு என்ன குறை என்று நாமே பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தோம்.

இதற்குத் தனி மென்பொருள் எதுவும் தேவையில்லை. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பகுதியில் மெமரியைத் தொட்டால் எல்லா விவரமும் வந்துவிடும். ஆனால் கணினியைப் போட்டவுடன் பார்த்துப் பயனில்லை. உங்கள் வழக்கமான வேலை எதுவோ அதையெல்லாம் திறந்து வைத்து, அது திணறுகிற நேரத்தில் பார்க்க வேண்டும். என் பெட்டியில் மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நின்றது. அதே நேரத்தில் டிஸ்க் 100இல் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்து உச்சியில் நிற்பதுதான் அடையாளம். மெமரியில் இடமில்லாதபோது விண்டோஸ், உடனடியாகத் தேவைப்படாதவற்றை ஹார்டு டிஸ்கில் உள்ள ஒரு கோப்பில் ஒதுக்கி வைக்கிறது. கேட்கும்போது திரும்பக் கொண்டு வருகிறது. மேசையில் விரித்துப் போட இடமில்லாமல், ஒவ்வொரு புடவைக்கும் கடைப் பையனைக் கிடங்குக்கு ஓட விட்டால் வியாபாரம் எப்படி நடக்குமோ அப்படித்தான் வேலை நடக்கும்.

மெமரி 50, 60 சதவீதத்தில் இருக்க, டிஸ்க் மட்டும் 100இல் நின்றால் கதை வேறு. அப்போது மெமரிக்குச் செலவழிக்கும் பணம் வீண். ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட வேண்டும். எதிர்வீட்டுப் பெண்ணின் மடிக்கணினி அப்படித்தான். அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி அது. மெமரி போடச் சொல்லி யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். வேலை செய்யும்போது பார்த்தால் மெமரியில் பாதி காலியாகவே இருந்தது. 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. போட்டதும் அது பிழைத்துக்கொண்டது.

அதே திரையில், மெமரி செருகும் இடமான ஸ்லாட் எத்தனை நிரம்பியிருக்கிறது, மெமரி எந்த வேகத்தில் ஓடுகிறது என்பதும் இருக்கும். எனக்கு இரண்டில் ஒன்று, 1600 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டியது. பணம் போகும் முன் பார்க்க வேண்டிய இன்னொன்று, விண்டோஸ் 64 பிட்டா 32 பிட்டா என்பது. செட்டிங்ஸில் சிஸ்டம், அபௌட் என்று போனால் தெரியும். வீட்டுக் கணினிகளில் உள்ள 32 பிட் விண்டோஸால் 4 ஜி.பி.க்கு மேல் எடுத்துக்கொள்ள முடியாது. அதிலும் முழுவதும் கைக்குக் கிடைக்காது. அந்தப் பெட்டியில் 8 போட்டாலும் 16 போட்டாலும் ஒன்றுதான். நம் பகுதியில் பழைய அசெம்பிள் பெட்டிகள் பலவற்றில் இன்னமும் 32 பிட் இருக்கிறது. அப்படியிருந்தால் முதலில் கோப்புகளை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு 64 பிட் போட வேண்டும்.

அடுத்தது பெட்டியைத் திறப்பது. இதைச் சொன்னாலே பலர் பின்வாங்குகிறார்கள், அவசியமே இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். பக்கவாட்டுத் தகட்டின் இரண்டு திருகுகளைக் கழற்றினால் போதும். உள்ளே எதையும் தொடும் முன் கேபினெட்டின் பெயிண்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும்.

எங்கள் பக்கத்தில் இரண்டு பகைவர்கள். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இரவும் பகலும் போகும் கண்டெய்னர் லாரிகளின் புழுதி ஒன்று. காசிமேட்டுப் பக்கமிருந்து வீசும் உப்புக்காற்று மற்றொன்று. திறந்தபோது மதர்போர்டின் மேல் கருஞ்சாம்பல் நிறத்தில் தூசி படர்ந்திருந்தது. மெமரியை வெளியே எடுத்தால், பொன்னிறமாக இருக்க வேண்டிய அதன் அடிப்பற்கள் மங்கிப் பழுப்பேறியிருந்தன. பள்ளிப் பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரால் இரண்டு பக்கமும் மெல்லத் தேய்த்து, துகளை ஊதாமல் உலர்ந்த தூரிகையால் துடைத்தோம். ஊதினால் எச்சில் ஈரம் படும். கடற்கரையோரம் குடியிருப்பவர்களின் கணினி திடீரென்று திரை காட்டாமல் பீப் ஒலி எழுப்பினால், மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் இதை ஒருமுறை செய்து பாருங்கள். பாதி நேரம் மெமரி கெட்டிருக்காது, பற்கள்தான் கறுத்திருக்கும்.

வெளியே எடுத்த மெமரியின் ஸ்டிக்கரைக் கைபேசி விளக்கில் படித்தேன். 4ஜிபி, 1ஆர்எக்ஸ்8, பி.சி.3-12800யு என்று இருந்தது. இந்த ஒரு வரிதான் கடைக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டிய சீட்டு. பி.சி.3 என்றால் டி.டி.ஆர்.3. பி.சி.4 என்றிருந்தால் டி.டி.ஆர்.4. ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று நுழையாது. அடியில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். மேசைக் கணினியின் டி.டி.ஆர்.3க்கு 240 பற்கள், டி.டி.ஆர்.4க்கு 288. 12800 என்பதை எட்டால் வகுத்தால் 1600, அதுதான் வேகம். 10600 என்றிருந்தால் அது 1333 வகை. இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரண்டுமே குறைந்த வேகத்தில் ஓடும். கணக்கு எழுதும் வேலையில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

கடைசியில் நிற்கும் ஒற்றை எழுத்துதான் முக்கியம். யு என்றால் சாதாரண மேசைக் கணினிக்கானது. எஸ் என்றால் மடிக்கணினிக்கானது. ஆர் என்றால் சர்வரிலிருந்து, அதாவது நிறுவனங்களின் பெரிய கணினியிலிருந்து, கழற்றியது. சர்வர் மெமரி பெரிய அளவில், ஆசை காட்டும் விலையில் கிடைக்கும். பார்வைக்கும் அதே நீளம், அதே வெட்டு. ஆனால் நம் வீட்டுக் கணினியில் போட்டால் திரையே வராது. ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் கறுப்புச் சில்லுகளை எண்ணிப் பாருங்கள். சாதாரண மெமரியில் எட்டு அல்லது பதினாறு இருக்கும். ஒரே அளவில் ஒன்பதோ பதினெட்டோ இருந்தால் அது பிழைதிருத்தும் வகை, வாங்காமல் வந்துவிடுங்கள்.

மதர்போர்டின் மாடல் எண்ணைப் பலகையிலேயே பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் தேடினால், எவ்வளவு வரை போடலாம் என்று இருக்கும். எச்61, எச்81 பலகைகளில் பொதுவாக இரண்டு ஸ்லாட், ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் 8, மொத்தம் 16 ஜி.பி. எச்110 பலகைகள் பெரும்பாலும் டி.டி.ஆர்.4, அவற்றில் 32 வரை போகலாம்.

பாகங்கள் வாங்க, சென்னையில் கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குத்தான் போனோம். மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு வடசென்னைக்காரர்களுக்கு அது பக்கத்துத் தெரு ஆகிவிட்டது. புதுவண்ணாரப்பேட்டையில் ஏறினால் எங்கும் மாறாமல் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். மாலையில் கூட்டம் நெரியும். காலையில் போனால் கடைக்காரர் நின்று பேசுவார். சோதித்துக் காட்டவும் அவருக்கு நேரம் இருக்கும்.

அங்கே இரண்டு விதமான சரக்கு கிடைத்தது. ஒன்று, பளபளப்பான அட்டைப் பெட்டியில், இதுவரை கேள்விப்படாத பெயரில், புதிய டி.டி.ஆர்.3. மற்றொன்று, அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகளிலிருந்து கழற்றி எடுத்த சாம்சங், ஹைனிக்ஸ், மைக்ரான் மெமரிகள். ரப்பர் வளையம் போட்டுக் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தார்கள். நான் இரண்டாவதைத்தான் எடுத்தேன், யாருக்கும் அதையே சொல்வேன். பழைய சில்லுகளைப் பெயர்த்தெடுத்துப் புதிய பலகையில் ஒட்டி, புதியது என்று விற்பதும் நடக்கிறது. அலுவலகக் கணினியிலிருந்து வந்த ஹைனிக்ஸோ, தொழிற்சாலையில் ஒட்டியபடியே, குளிரூட்டிய அறையில் பல ஆண்டுகள் ஓடி, தான் நல்லது என்று நிரூபித்துவிட்டு வந்திருக்கிறது.

வாங்கும் முன் இன்னொரு வகையையும் தெரிந்துகொள்ளுங்கள். இன்டெலின் போட்டி நிறுவனமான ஏ.எம்.டி.யின் புராசஸருக்கான பலகைகளில் மட்டும் ஓடும் டி.டி.ஆர்.3 மெமரி என்று ஒன்று உண்டு. விலை மிகவும் குறைவு. உள்ளே சில்லுகளின் அமைப்பு வேறு. இன்டெல் பலகை அதை ஏற்காது. பல நேரம் சில்லுகள் தெரியாதபடி வண்ணத் தகடு மூடியிருக்கும். கடைக்காரர் தன் சோதனைப் பலகையில் போட்டு ஓடுவதைக் காட்டுவார், அது ஏ.எம்.டி. பலகையாக இருந்தால் உங்களுக்கு அதனால் என்ன பயன்? "அண்ணே, இன்டெல் எச்81இல் போட்டுக் காட்டுங்கள்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஸ்டிக்கரில் எக்ஸ்8 என்று இருப்பதையும் பாருங்கள். எக்ஸ்4 என்றிருந்தால் வைத்துவிடுங்கள்.

இன்னொரு 4 ஜி.பி. போட்டு எட்டாக்குவதா, 8 ஜி.பி. போட்டுப் பன்னிரண்டாக்குவதா என்பதுதான் எங்கள் வீட்டு விவாதம். ஒரே அளவில் இரண்டு இருந்தால் கணினி இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் படிக்கும். அதனால் வேகம் கூடும் என்பது உண்மை. ஆனால் 4ம் 8ம் போட்டால் அந்தப் பயன் முழுவதும் போய்விடும் என்று சொல்வது தவறு. இன்டெல் பலகைகள் இரண்டிலும் சமமாக உள்ள 4, 4 பகுதியை இணைத்தே ஓட்டும். மிச்சமுள்ள 4 மட்டும் தனியாக ஓடும். இருப்பது இரண்டே ஸ்லாட். அதில் சிறியதைப் போட்டு அடைத்துவிட்டால், நாளைக்குக் கூட்ட வேண்டுமானால் ஒன்றைத் தூக்கி எறிய வேண்டும். அதனால் 8 வாங்கினோம். 2024 கோடையில் அதன் விலை ஆயிரம் ரூபாயை ஒட்டித்தான் இருந்தது. பில்லில் மெமரியின் சீரியல் எண்ணையும், ஒத்துவராவிட்டால் மாற்றித் தரும் கெடுவையும் எழுதச் சொல்லி வாங்கினேன். டெஸ்டிங் வாரண்டி என்பார்கள். வாயால் சொல்வதை நம்பாமல் எழுதி வாங்குவது கணக்கு எழுதுபவளின் பழக்கம். எல்லாருக்கும் அது நல்லது.

பொருத்துவது நிமிட வேலை. ஸ்லாட்டின் ஓரத்துக் கொக்கிகளை வெளியே தள்ளி, மெமரியின் அடிவெட்டை ஸ்லாட்டின் மேட்டோடு சரியாக வைத்து, இரண்டு முனைகளையும் கட்டைவிரலால் ஒரே சீராக அழுத்த வேண்டும். கொக்கி தானாக எழுந்து டக்கென்று பிடிக்கும். அந்த ஓசை கேட்கும் வரை பாதிதான் இறங்கியிருக்கிறது என்று பொருள். வெட்டு சேராவிட்டால் பலத்தைக் காட்டாதீர்கள், மறுபக்கம் திருப்புங்கள். மகள்தான் பொருத்தினாள். திரை வந்ததும் டாஸ்க் மேனேஜரில் 12 ஜி.பி. என்று காட்டியது.

அதோடு விட்டுவிடக் கூடாது. கணினி ஓடுகிறது என்பதாலேயே மெமரி நல்லது என்று ஆகிவிடாது. ஒரே ஓர் இடத்தில் பழுது இருந்தால், அந்த இடத்தில் எழுதப்படும் எண் மாறும். படம் பார்ப்பவர்களுக்குத் திரையில் ஒரு புள்ளி பிசகும், அவ்வளவுதான். எனக்கு ஒரு கடையின் கணக்கே பிசகும். ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று தேடினால் இலவசச் சோதனை இருக்கிறது. அதைவிடக் கறாரானது மெம்டெஸ்ட்86 பிளஸ், அதுவும் இலவசம்தான். பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் துவக்கி, இரவு முழுவதும் ஓட விடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் அந்த மெமரி வேண்டாம். மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும் என்பதால், வாங்கி வந்த அன்றிரவே ஓட விட்டோம். காலையில் பிழை எதுவும் இல்லை.

அந்த மாதம் 20ஆம் தேதி டாலி, எக்ஸெல், ஜி.எஸ்.டி. தளம் எல்லாவற்றையும் திறந்து வைத்து வேலை செய்தேன். மெமரி பாதியளவில் நின்றது; சிவப்பு விளக்கு அவ்வப்போது சிமிட்டியதோடு சரி. கணினி துவங்கும் நேரம் மட்டும் பெரிதாகக் குறையவில்லை. அது ஹார்டு டிஸ்கின் வேலை. மெமரி கூட்டி அதை மாற்ற முடியாது.

மடிக்கணினிக்கு வாங்குபவர்களுக்குச் சில வார்த்தைகள். மெல்லிய மாடல்கள் பலவற்றில் மெமரியைப் பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள், கூட்டவே முடியாது. சிலவற்றில் பாதி பற்றவைத்தது, ஒரு ஸ்லாட் காலி. இதை அறியாமல் மெமரி வாங்கிவிடாதீர்கள். நான்காம் தலைமுறை இன்டெல் மடிக்கணினிகள் 1.35 வோல்ட்டில் ஓடும் டி.டி.ஆர்.3எல் வகையைத்தான் கேட்கும், ஸ்டிக்கரில் பி.சி.3எல் என்று எல் சேர்ந்திருக்க வேண்டும். அந்த எல் வகை 1.5 வோல்ட் கேட்கும் பழைய மடிக்கணினியிலும் பெரும்பாலும் ஓடிவிடும். பழைய வகையை எல் கேட்கும் கணினியில் போட்டால் ஓடாது.

இன்று வாங்கப் போகிறவர்கள் நான் சொன்ன விலையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். 2025இன் பிற்பகுதியிலிருந்து மெமரி விலை உலகெங்கும் கடுமையாக ஏறிவிட்டது. உலகின் மெமரிச் சில்லுகளில் பெரும்பங்கைத் தயாரிப்பவை சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்கள்தான். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் கேட்கும் விலையுயர்ந்த மெமரிக்கு இவை உற்பத்தியைத் திருப்பியதால், வீட்டுக் கணினிக்கான சரக்கு குறைந்துவிட்டது. சில்லறை வாடிக்கையாளர்களுக்கான குரூஷியல் வணிகத்திலிருந்து விலகுவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. விலை ஏறிய காலத்தில் போலியும் பொருந்தாச் சரக்கும் கூடுதலாகப் புழங்கும் என்பதால், ஸ்டிக்கரைப் படிப்பதில் இன்னும் கவனம் வேண்டும்.

இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைப் புராசஸரும் அதற்குப் பின் வந்தவையும்தான் என்று வரம்பு வைத்திருக்கிறது. என் பெட்டி அதற்குள் வராது. ஆகவே இப்படிப்பட்ட பெட்டிக்கு மெமரியும் எஸ்.எஸ்.டி.யும் சேர்த்து எவ்வளவு போடலாம் என்று ஒரு வரம்பை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். படிக்கும் பிள்ளைக்கும் இணையத்துக்கும் மட்டும் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு 8 ஜி.பி.யோடு நிறுத்தலாம், அதற்கு மேல் வாங்குவது வீண் செலவு. அலுவலகத்தில் வேலை பார்க்கும் உறவினர் இருந்தால், அங்கே கழித்துப் போட்ட கணினிகளை என்ன செய்கிறார்கள் என்று விசாரியுங்கள். என் மைத்துனர் அப்படிக் கேட்டு, கேட்பாரற்றுக் கிடந்த ஒரு கணினியை அனுமதியோடு வாங்கி வந்தார். அதிலிருந்து கிடைத்த இரண்டு 4 ஜி.பி. ஹைனிக்ஸ் மெமரிகளும் அவர் வீட்டுக் கணினியில் இப்போது ஓடிக்கொண்டிருக்கின்றன.